கலாவைச் சோதனை எழுத விடு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் என் கை பழகியிருக்கிறது. இந்த முறை கேட்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய், இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தபோது பார்த்தேனே. மோட்டார் சைக்கிளை லயத்து வீட்டு வரிசை முனையிலேயே நிறுத்திவிட்டு, சப்பாத்தில் சேறு ஒட்டாமல் கல் பார்த்துக் கால் வைத்து வந்தாய். தேத்தண்ணீர் குடித்தாய், இரண்டு பிஸ்கட் தின்றாய், ஒரு பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டாய். உனக்கு அது பத்து நிமிஷ வேலை. நேரில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் "அம்மா, இதெல்லாம் ஒனக்குத் தெரியாதும்மா" என்று எழுந்து போய்விடுவாய். உன் அப்பா வேறு, நான் பேனாவை எடுத்ததைப் பார்த்ததும் "விடுலா, வாத்தியாருக்கே நீ பாடம் எடுக்கப் போறியா?" என்கிறார். எடுக்கத்தான் போகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் இதை நீ கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டும். நீ எழுந்து போனாலும் கடிதம் மேசை மேல் அப்படியே கிடக்கும்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய், அதனால் நானே சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை, கலாவையும் அழைத்துக்கொண்டு, கையில் சோதனைச் சீட்டோடு வந்தாள். கலா இந்த வருஷம் ஐந்தாம் படிவம், உன் பள்ளிக்கூடம், உன் வகுப்பு. நவம்பரில் கவர்மெண்டு வைக்கிற எஸ்.பி.எம். சோதனை எழுத வேண்டியவள். சீட்டை உன்னிடம் காட்டச் சொல்லி அனுப்பியவளே நான்தான். "என் மகன் வர்றான், அவன்கிட்ட காட்டு, அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லாருக்கும் கேட்கப் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைக்கு எனக்கு நல்ல கூலி கொடுத்தாய். பாக்கியம் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "தம்பி, நீங்களே பாத்து சொல்லுங்க, மூணு செவப்பு போட்டிருக்காங்க, பிள்ள தேறுமா?" என்று கேட்டாள். சின்ன வயதில் உன் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்து வந்தவள், உன்னை "நீங்க" என்று கூப்பிட்டாள். அதற்காகவாவது நீ எழுந்து நின்று பேசியிருக்கலாம்.

நீ சீட்டை முழுசாகக்கூட விரிக்கவில்லை. "தேறாது அத்த. கணக்கு, சயின்ஸ், சரித்திரம் மூணும் போச்சு. ஏழு வாரத்துல என்னா பண்ண முடியும்? சும்மா போயி உக்காந்து என்னா ஆவப்போவுது, தோட்டத்துலயே பேரு குடுத்துருங்கலா" என்றாய். சொல்லிவிட்டுச் சீட்டை மடித்து அவள் கையில் திணித்தாய். கலா உன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், நீ பிஸ்கட் டின்னைப் பார்த்தபடி இருந்தாய். நான் அங்கேதான் நின்றேன். ஏழு வாரம் என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் அதைப் பேச வாய் வருவதற்குள் நீ மோட்டாரைக் கிளப்பிவிட்டாய். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலை பாக்கியம் கலாவைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அழைத்துப் போய் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லாதே. அவள் புருஷன் முனியாண்டி மாமா போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள் என்பது உனக்குத் தெரியும், காடு வரைக்கும் வந்து நீயும் தோள் கொடுத்தவன்தானே. நான் அவளிடம் மூன்று தடவை பேசிவிட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான். "வாத்தியாரே சொல்லிட்டாருக்கா. அதுவும் அவளோட கிளாஸ் வாத்தியாரு. ஒங்களுக்கும் எனக்கும் என்னா தெரியும்?" அதற்கு மேல் நான் என்ன பேசுவது? "என் மகன் சொன்னது தப்பு" என்று நான் சொன்னால், "ஒங்க மகன் சொன்னா சரியா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவள் கேட்கிறாள். இந்த லயத்தில் உன் பேரைச் சொல்லி உன்னை யாரும் கூப்பிடுவதில்லை, வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடப் பழக்கியதும் நான்தான். என் மகன் வாயிலிருந்து வந்த சொல்லை என்னாலேயே திருப்பி எடுக்க முடியவில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது கலா என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறாள். கூடை புதுசு, தோளில் வார் அறுத்திருக்கிறது, அது யாருக்கும் முதல் வாரத்தில் நடப்பதுதான். வேலையைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை, இந்த வேலையில்தான் நீ சோறு தின்று வளர்ந்தாய். ஆனால் முந்தாநாள் பனி மூட்டமாக இருந்தது, பக்கத்து நிரை ஆள் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அந்தப் பனிக்குள்ளே யாரோ முணுமுணுப்பது கேட்டது. காது கொடுத்துக் கேட்டேன். மலாய். மலாக்கா சுல்தான்கள் சரித்திரம். கலா கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் அந்தப் பாடம் எனக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுச் சமையல்கட்டில் நீ ஒப்பித்து ஒப்பித்து என் காதில் ஊறிப்போன பாடம் அது. நீ திக்குகிற அதே இடத்தில் அவளும் திக்கினாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளை எதற்குத் தம்பி பாடம் ஒப்பிக்கிறது? அவள் நிறுத்தவில்லை. நீதான் நிறுத்தினாய். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிளையையே ஒடித்துவிட்டேன், கங்காணி "என்னாக்கா ஆச்சு?" என்று கத்தினார்.

இனி என் பக்கத்துத் தப்பைச் சொல்கிறேன். முழுதாகச் சொன்னதில்லை, இப்போது கேள். எண்பத்தொன்றாம் வருஷம், நீ ஐந்தாம் படிவம். நம் லயத்தில் பள்ளிக்கூடத்துப் பரீட்சை எதுவானாலும் ஒரே பேர்தான், சோதனை. மாதச் சோதனையும் சோதனை, வருஷக் கடைசிச் சோதனையும் சோதனை, கவர்மெண்டு வைப்பதும் சோதனை. செப்டம்பர் கடைசியில் நீ வந்து "சோதன ரிசல்ட் குடுத்துட்டாங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தாய். சீட்டின் மேலே பெரிய எழுத்தில் என்னமோ மலாயில் அச்சடித்திருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பு மை தெரியும். ஐந்து சிவப்பு. பதினொரு வருஷம் படிக்க வைத்ததற்கு ஐந்து சிவப்பு. எல்லாம் முடிந்தது, சோதனையில் மண்ணைக் கவ்விவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுதக் கை கூசுகிறது. உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். மறுநாள் காலையிலேயே உன்னை இழுத்துக்கொண்டு போய்க் கங்காணியிடம் விட்டேன், கையில் புல்வெட்டுக் கத்தியைக் கொடுத்தார்கள். அன்று விறகு ஈரம். வெந்நீர் அடுப்பு பற்றவில்லை. உன் பூகோள நோட்டைக் கிழித்து, ஒவ்வொரு தாளாக அடுப்பில் போட்டேன். இனி இது எதற்கு என்று போட்டேன். பிறகு நீ கேட்டபோது, கூரை ஒழுகி நனைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். கூரை ஒழுகவில்லை தம்பி.

ஒன்பது நாள் நீ புல் வெட்டினாய். பத்தாம் நாள் மத்தியானம் முனியாண்டி மாமா கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் டவுனுக்கு ஏற்றிப்போவதும் அவர்தான் அப்போது. இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். "அக்கா, ஒங்க மண்டையில என்னா இருக்கு? அவனோட சார் லோரிகிட்ட வந்து நின்னு, பையன் ஏன் வரல, நவம்பர்ல சோதன இருக்குன்னு கேக்குறாரு!" நான், "சோதனதான் முடிஞ்சிருச்சே, அஞ்சு செவப்பு வாங்கிட்டானே" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, அது பெர்ச்சுபாஆன்கா! திருவிழாவுக்கு நாடகம் போடறதுக்கு முன்னாடி ஒத்திக பாப்பமா இல்லயா? ஒத்திகயில ஒருத்தன் வசனத்த மறந்துட்டா, வேஷத்தக் கழட்டிட்டு வீட்டுக்குப் போடான்னா சொல்லுவோம்? இது ஒத்திககா, ஒத்திக!" யாரோ சிரித்தார்கள். கூடையை அங்கேயே போட்டுவிட்டு நீ புல் வெட்டுகிற மேட்டுக்கு ஓடினேன். "ஏன்டா, இது ஒத்திகன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "தெரியும்மா. நீ தேறமாட்டேன்னு சொன்னியா, சரிதான்னு நெனச்சிட்டேன்." கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாய்.

அந்த ஒரு வாக்கியம் எட்டு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது. பெற்றவள் "நீ தேறமாட்டாய்" என்றால் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. வாத்தியார் சொன்னால் இன்னும் சீக்கிரம் நம்பிவிடுகிறது. சோதனை நெருங்குகிற சமயத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் வெளியே வீறாப்பாகத் திரிவார்கள், உள்ளே ஒரு சொல்லுக்கு உடைந்துபோகிற நிலையில் இருப்பார்கள். எனக்கு அது தெரியாது, மலாய் படிக்கத் தெரியாதவள், ஒத்திகையைச் சோதனை என்று நினைத்துக் கெடுத்தேன். நீ அப்படியா? அந்தச் சீட்டில் மேலே அச்சடித்திருப்பது என்ன என்று உனக்குத் தெரியும். நீயே திருத்திய பேப்பர் அது. அது ஒத்திகை என்று தெரிந்தே ஒருத்தியின் வேஷத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறாய். என் தப்புக்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. உன்னுடையது என் தப்பைவிடப் பெரிய தப்பு.

முனியாண்டி மாமா மறுநாளே உன்னை லோரியில் முன் சீட்டில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார், உன் சாரிடம் அவரே பேசினார். எரித்த நோட்டுக்குப் பதில், திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த உன்னோடு படித்த சீனக் கூட்டாளியின் நோட்டை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு வந்ததும் அவர்தான், நீ பார்த்து எழுதி முடித்ததும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். சோதனைக்குச் சரியாக ஏழு வாரம் இருந்தது. ஏழு வாரத்தில் என்ன பண்ண முடியும் என்று கேட்டாயே, என்ன பண்ணினார்கள் என்று சொல்கிறேன். நம் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அவர்கள் வீட்டு ரேடியோ அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கும், சாயங்காலத் தமிழ்ப் பாட்டு என்றால் பாக்கியத்துக்கு உயிர். அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள், ஏழு வாரம் அவள் ஒரு பாட்டுக் கேட்கவில்லை. மாமா குடித்துவிட்டு வருகிற நாளில் வாசலில் நின்று பேசுவாரே, அந்தப் பேச்சை மேட்டில் கோயில் பக்கம் நின்று பேசிவிட்டு வந்தார். தீபாவளிக்குப் பிள்ளைகள் பட்டாசைத் திடலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். உன் அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் குறட்டை விடுவார் என்று ஃபாக்டரியிலேயே கொழுந்து வாட்டுகிற மாடியில் சாக்கு மேல் படுத்துத் தூங்கினார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவர்களை யாரும் கேட்கவில்லை.

கலாவுக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பெண் பிள்ளை சும்மா இருக்குமா? நாள் முழுக்கக் கல்லாங்காய் ஆடுகிற பிள்ளை, சிமிண்டுத் தரையில் கல் விழுந்து விழுந்து ஒரே சத்தமாக இருக்கும். ஒரு நாள் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். உரச் சாக்கை நாலாக மடித்துத் தரையில் விரித்து, அதன் மேல் ஆடிக்கொண்டிருந்தாள். கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறாள், வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு கையை வாயில் வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது, தோற்றுத் தோற்றுப் போகிறாள். "ஏன்டி வாயப் பொத்துற?" என்று கேட்டேன். "புடிச்சா கத்திருவேன் பெரியம்மா. அண்ணன் படிக்குது" என்று கிசுகிசுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினம் குழாயடியில் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அண்ணன் சோதன முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள். அது முடிகிற நாளுக்கு உன்னைவிட அதிகமாக அவள்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும், செய்யாமல் இருக்கப் பழகியதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் நான் உன்னை அரித்தெடுத்தேன். படிச்சியா, முடிச்சியா, எத்தனை பக்கம் போச்சு என்று வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்து கூடையை இறக்கும்போது ஒரு தடவை. பாக்கியம்தான் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, அரிசி வேகுதான்னு மூடியத் தெறந்து தெறந்து பாக்காதீங்க" என்றாள். அதோடு நிறுத்தினேன். அதற்குப் பதிலாக நீ ஒப்பிப்பதைக் கேட்டேன். நீ அடுப்பு முன்னால் உட்கார்ந்து மலாயில் சொல்லிக்கொண்டே போவாய், நான் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் எங்கே வழுக்கிக்கொண்டு போகிறாய், எங்கே திக்குகிறாய் என்று காதுக்குத் தெரியும். "அந்த எடத்த இன்னொரு தடவ சொல்லு" என்பேன். நீ சிரிப்பாய். படிக்காத தாய் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான், அது உனக்குப் போதுமானதாக இருந்தது. சொல்லிக்கொடுக்கத் தெரியாத நாங்கள் ஏழு வாரம் உன்னைச் சுற்றி நின்றோம். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நீ இந்தப் பிள்ளைக்கு ஏழு நிமிஷம் கொடுக்கவில்லை.

கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு நீ லோரியிலிருந்து குதித்து இறங்கிய சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? "முடிஞ்சிருச்சு" என்று நான் சொன்னதுதான் தாமதம், கலா லயத்து வாசலில் நின்றுகொண்டு, ஏழு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள். மேல் லயத்திலிருந்து ஆட்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். மாமா ரேடியோவைத் திரும்ப மாட்டினார். நீ இரண்டாம் கிரேடில் தேறினாய், ஆறாம் படிவம் போனாய், ஆசிரியர் பயிற்சிக்கு மக்தாப் போய்ப் படித்து ஆசிரியரானாய். எல்லாம் அந்த ஏழு வாரத்திலிருந்து வந்தது. ஆனால் போன வருஷம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பேசச் சொன்னபோது நீ என்ன பேசினாய்? "நானும் லயத்துலதான் படிச்சேன், எனக்கு யாரும் ஒதவி செய்யல, நானே முட்டி மோதி மேல வந்தேன்" என்றாய். பாக்கியம் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். நானும் தட்டினேன். அப்போதே நான் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சபையில் உன் மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன், அதுவும் என் தப்புதான். தனியாக மேலே வந்ததாக நினைக்கிறவனுக்குத்தான், கீழே நிற்கிறவளைப் பார்த்து "தேறாது" என்று சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வரும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கலாவாகச் சொல்லவில்லை, நான் தோண்டித் தோண்டிக் கேட்டபோது சொன்னாள். ஆபீஸ் அறை வாசலில் நீ இன்னொரு வாத்தியாரிடம், "வீக்கான நாலு பேரு வரலன்னா என் கிளாஸ் ரிசல்ட் நல்லா நிக்கும்" என்று சொன்னாயாம். இது பொய்யாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். பொய் என்றால் வந்து என் முகத்துக்கு நேராகச் சொல். உண்மை என்றால் எதுவும் சொல்லாதே, எனக்குத் தாங்காது. உன் சார் அன்றைக்கு இப்படி நினைத்திருந்தால் லோரிப் பக்கம் வந்து உன்னைப் பற்றிக் கேட்டே இருக்கமாட்டார். ஒன்பது நாள் வராதவன் வராமலே போகட்டும், என் கணக்கு நன்றாக இருக்கும் என்று விட்டிருப்பார். நீ இன்றைக்கும் அந்த மேட்டில் புல் வெட்டிக்கொண்டிருப்பாய்.

கலா தேறிவிடுவாள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை அவள் தவறிப்போகலாம். தவறினால் அது அவள் எழுதித் தவறியதாக இருக்கட்டும், நாலு நாள் அழுவாள், அடுத்த வருஷம் எழுதுவாள், இல்லை, விட்டுவிடுவாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சோதனைக்கு அவள் பேர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அவள் நம்பர் ஒட்டிய மேசை ஒன்று அந்த ஹாலில் போட்டிருப்பார்கள். எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மேசை மட்டும் காலியாகக் கிடக்கும், அந்த நேரத்தில் அவள் என் பக்கத்து நிரையில் நின்று, இப்போது என்ன கேள்வி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு கொழுந்து கிள்ளுவாள். அந்த நினைப்பு அவளை விட்டு எந்தக் காலத்திலும் போகாது. என்னையே எடுத்துக்கொள், ஆறாம் வகுப்புக்கு மேல் அனுப்பியிருந்தால் என்று இந்த வயதிலும் நான் நினைக்காத நாள் இல்லை.

நான் ஆரம்பித்துவிட்டேன். இப்போது வீட்டுக்கு வீடு டீவி, வீடியோ, அன்றைக்கு இருந்த ஒரு ரேடியோ எவ்வளவோ மேல். வரிசையில் உள்ள ஆறு வீட்டுக்கும் போய், நவம்பர் முடியும் வரைக்கும் சாயங்காலம் சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வீடு சரி என்றது, ஆறாவது வீட்டுக்காரனோடு சண்டை போட்டேன், அவனும் சரி என்றான். நிரையில் நிற்கும்போது கலாவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கங்காணியிடமும் பேசியாயிற்று, எப்போது வேண்டுமானாலும் பேரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பாக்கியத்தின் மனதை மட்டும் என்னால் திருப்ப முடியவில்லை. பூட்டியவன் நீ, சாவியும் உன்னிடம்தான். ஏழு வாரத்தில் இரண்டு வாரத்தை நீ தின்றுவிட்டாய், இன்னும் ஐந்து இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். தீபாவளி வரைக்கும் காத்திருக்க முடியாது, இந்த ஞாயிற்றுக்கிழமையே வா. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அவளுக்கு அந்தக் கணக்கையும் சயின்ஸையும் சொல்லிக் கொடு. சரித்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய சீட்டு வைத்திருக்கிறேன், ஓரம் கறுத்திருக்கும், ஜாக்கிரதையாக விரி. உன்னுடைய பெர்ச்சுபாஆன் சீட்டு. ஒத்திகை என்று தெரிந்த அன்றைக்கு வெட்கத்தில் நான் இதையும் அடுப்பில் போடப் போனபோது முனியாண்டி மாமா என் கையிலிருந்து பிடுங்கி, "வச்சிருங்கக்கா, பின்னால ஒரு நாள் வாத்தியாரா வந்து பெரிய பேச்சு பேசுவான், அப்ப காட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். சிவப்பை எண்ணிப் பார். உனக்கு ஐந்து, கலாவுக்கு மூன்று.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது பிஸ்கட் டின் வேண்டாம், பழம் வேண்டாம். மோட்டாரைப் பாக்கியம் வீட்டு வாசலில் நிறுத்து, நம் வீட்டுக்கு அப்புறம் வரலாம். நின்றுகொண்டே பேசு. நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அத்த, நான் சொன்னது தப்பு. கலாவ சோதன எழுத அனுப்புங்க." உன்னைப் போல் படித்தவர்களுக்கு முதல் பாதி வாயில் வருவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் வருகிற வழியெல்லாம், வளைவுக்கு வளைவு, மோட்டாரில் உட்கார்ந்தபடியே ஒத்திகை பார்த்துக்கொண்டு வா.

அம்மா